கண்டக்டர் பூபதியின் வலது தொடை

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் சோளக்காடு வருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த எழுபதையும் எதையும் பிடிக்காமல் நின்றபடியே கடக்கிற ஆள் பூபதி. பதினாலு வருடமாக மலைப் பேருந்தில் கண்டக்டர். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் பிறந்தவன், முப்பத்தொன்பது வயது, நல்ல உயரம், உயரத்துக்குத் தகுந்த குரல். பேருந்து காரவள்ளியைத் தாண்டியதும் இரண்டாவது வரிசை சீட்டின் இரும்புக் கம்பியில் வலது தொடையை முட்டுக்கொடுத்துக்கொள்வான். அதன்பிறகு இரண்டு கைகளும் டிக்கெட்டுக்குத்தான். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அவன் உடம்பு தானாகச் சாயும். முதல்முறை மலையேறுகிறவர்கள் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

“முப்பத்திரண்டு முடிஞ்சுதுங்க, இன்னும் முப்பத்தெட்டுதான். வாந்தி வாரவங்க எங்கிட்டக் கவர் கேளுங்க, பக்கத்து ஆளோட மடியைக் கேக்காதீங்க” என்பான் பூபதி. வண்டி சிரிக்கும். சிரிக்கிற வண்டியில் வாந்தி குறைவு என்பது அவனுடைய அனுபவம்.

கட்டியை முதலில் பார்த்தவள் அவன் மனைவி சங்கீதா. ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை இருவரும் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பூபதி லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான்.

“ஏனுங்க, வலது தொடையில என்னதுங்க அது? எலுமிச்சம்பழமாட்டம் மேடா இருக்குது.”

“கம்பி இடிச்சிருக்கும்.”

“ஒரு பக்கம் மட்டும் இருக்குதே?”

“ஒரு பக்கந்தான கம்பி இருக்குது?”

அந்த ஒரு பதிலிலேயே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கட்டி வலித்திருந்தால் அவனே போய்க் காட்டியிருப்பான். அது வலிக்கவே இல்லை. காய்ச்சல் இல்லை, நடப்பதற்குத் தடை இல்லை. வண்டியில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டிரைவர் செல்வத்துக்கு ஐம்பது வயது, பூபதிக்கு அண்ணன் மாதிரி. “பதினாலு வருஷம் ஒரே எடத்துல இடிச்சா இரும்பே வீங்கும்டா” என்றார். வாழைத்தார் ஏற்றி வருகிற ஒரு அம்மாள், ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னாள். சோளக்காட்டில் மூலிகை விற்கிற ஒருவர் பச்சையாக எதையோ அரைத்துக் கொடுத்தார். மூன்று வாரம் பற்றுப் போட்டான். தொடையில் இருந்த முடி எல்லாம் உதிர்ந்தது. கட்டி உதிரவில்லை.

கடைசியில் அவனை டாக்டரிடம் அனுப்பியது ஒரு தையல்காரர். பூபதியின் காக்கிப் பேன்ட் வலது பக்கம் மட்டும் இறுக்கிப் பிடித்தது. பிரித்துத் தைக்கக் கொடுத்தபோது அவர் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு காலுக்கு மட்டும் துணி சுருங்கி நான் பார்த்ததில்லீங்களே” என்றார். இன்ச் டேப்பை இரண்டு தொடையிலும் சுற்றினார். இரண்டு அங்குலம் வித்தியாசம்.

ஆனி மாதத்தில் அடிவாரத்து ஊரில், மெயின் ரோட்டிலேயே இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனான். டாக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். “வெறும் கொழுப்புக் கட்டிதான். சனிக்கிழமை காலையில வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். சாயந்திர நடைக்கு நீங்க வண்டியில இருக்கலாம்.”

பூபதிக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. மறுநாள் வண்டியில் எல்லாரிடமும் சொன்னான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நசீபாவிடமும் சொன்னான். நசீபா அடிவாரத்து ஊரில் மிளகு வியாபாரம் செய்கிற பீர் முகமதுவின் மகள். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் காலையில் இந்த வண்டியில் ஏறி, சாயந்திரம் இதே வண்டியில் இறங்குவாள். இங்கே வருவதற்கு முன் மூன்று வருடம் கோயம்புத்தூரில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவள்.

மற்றவர்கள் எல்லாரும் “நல்லதுங்க” என்றார்கள். நசீபா மட்டும் கேள்வி கேட்டாள்.

“எவ்ளோ பெருசு இருக்குங்கண்ணா?”

“கொய்யாப்பழம் அளவு. நல்ல கொய்யா.”

“தையில எவ்ளோ இருந்துது?”

“எலுமிச்சை.”

“ஸ்கேன் ஏதும் எடுத்தாங்களா?”

“அஞ்சு நிமிஷ வேலைக்கு ஸ்கேன் எதுக்குங் சிஸ்டர்?”

மேலே போனதும் வண்டிக்கு நாற்பது நிமிடம் ஓய்வு. “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று அவனைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். படுக்கவைத்து, “தொடையை இறுக்குங்கண்ணா” என்றாள். இறுக்கினான். கட்டி அசையாமல் கல் மாதிரி நின்றது. “இப்பத் தளர்த்துங்க.” லேசாக அசைந்தது. டேப்பை வைத்தாள். ஒன்பது சென்டிமீட்டர்.

“சாதாக் கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியிலயே இருக்கும், விரல் பட்டா வழுக்கிட்டு ஓடும். இது சதைக்குள்ளார ஆழத்துல இருக்குங்கண்ணா. எலுமிச்சையை விடப் பெருசு, ஆழத்துல இருக்கு, வளந்துட்டே வருது. இந்த மூணும் சேந்து இருந்தா ஸ்கேன் பாக்காமக் கத்தி வைக்கக் கூடாது. முதல்ல ஸ்கேன், அப்புறம் ஊசியில கொஞ்சூண்டு சதை எடுத்து டெஸ்ட். அதுக்கப்புறந்தான் வெட்டறதா என்னன்னு பேசணும்.”

“அப்போ இது…” என்று இழுத்தான் பூபதி.

“எதுன்னு எனக்கும் தெரியாது. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம். ஆனா வேற மாதிரி கட்டியா இருந்து, தெரியாம நடுவுல வெட்டிட்டாங்கன்னு வைங்க. நீங்க பலாக்காய் வெட்டுவீங்கல்ல? கையில கத்தியில எண்ணெய் தடவாம வெட்டினா பால் எங்கெல்லாம் ஒட்டும்?”

“ஊடு பூரா ஒட்டும்.”

“அதேதான். ஒட்டினதுக்கு அப்புறம் தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கணும். கோயம்புத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. எழுதித் தாரேன்.”

பூபதி தலையாட்டினான். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆனால் திரும்பி நடக்கும்போது கோயம்புத்தூர் என்ற பேரே அவனை உலுக்கியது. நசீபா அங்கே எந்த வார்டில் வேலை பார்த்தாள் என்று மலைக்கே தெரியும். அவள் அந்த நோயின் பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், சாயந்திரமே வேலை. இன்னொரு பக்கம் என்னவென்றே தெரியாத ஒன்று. பயந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பானோ அதையே அவனும் தேர்ந்தெடுத்தான். சங்கீதாவிடம் நசீபா சொன்னதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கில் கீழே இறங்கினான். அன்றைக்கு வண்டியில் மாற்று ஆள் கண்டக்டர். வழக்கமான இடத்தில் ஏறிய நசீபா, “பூபதி அண்ணன் எங்க?” என்று கேட்டாள்.

“காய்ச்சலாம்மா” என்றார் செல்வம்.

வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. கிளினிக் வாசலில் பூபதியின் பைக் நின்றது. முன்விளக்குக் கண்ணாடி உடைந்து, செல்லோ டேப் ஒட்டிய பைக் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

“செல்வண்ணா, வண்டிய நிறுத்துங்க! அவரு காய்ச்சலுக்கு வரலை, வெட்டிக்க வந்திருக்காரு!”

செல்வத்துக்கு விஷயம் பாதிதான் தெரியும். ஆனால் நசீபாவின் குரலில் இருந்தது புரிந்தது. ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி, ஏர் ஹார்னில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

உள்ளே பூபதி மேஜையில் படுத்திருந்தான். தொடை முழுக்கக் காவி நிறத்தில் மருந்து தடவியாகிவிட்டது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயிரம் வண்டி ஹார்ன் அடித்தாலும் பூபதிக்கு அந்த ஹார்ன் தனியாகத் தெரியும். தெரியாத மாதிரி கூரையைப் பார்த்தான். ஹார்ன் நிற்கவில்லை.

“யாருய்யா அது?” என்றார் டாக்டர்.

“தெரியலீங்க” என்றான் பூபதி.

கதவைத் தட்டிவிட்டு நசீபா உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் மரியாதையாகத்தான் பேசினாள். “சார், நான் மேல பி.எச்.சி.ல நர்ஸ். இவருக்குக் கட்டி தசைக்குள்ள இருக்குங்க சார். ஒம்பது சென்டிமீட்டர். அஞ்சு மாசத்துல இவ்ளோ வளந்திருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் செய்யலாங்களா?”

டாக்டர் அவளைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் பூபதி நினைத்தான். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “தொடையை இறுக்குங்க” என்றார். இந்த முறை இரண்டு விரலால் இல்லை, முழுக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். “ஸ்கேன் எடுத்துட்டே வரட்டும்மா. நானே லெட்டர் தாரேன்” என்றார்.

காவி தடவிய தொடையோடு, லுங்கியைப் பிடித்துக்கொண்டு பூபதி வெளியே வந்தபோது ஜன்னல் முழுக்கத் தலைகள்.

“ஏனுங் கண்டக்டரே, காய்ச்சல் தொடையிலயா வந்துது?” என்று ஒரு குரல் கேட்டது. வண்டி சிரித்தது. பைக்கை அங்கேயே விட்டுவிட்டுப் பூபதியும் ஏறிக்கொண்டான். பதினாலு வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டியில் உட்கார்ந்து மலை ஏறினான். அதுவும் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல்.

“பயமாடா?” என்றார் செல்வம் பதினோராவது வளைவில், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமாங்ண்ணா.”

“எனக்குந்தான். கோயம்புத்தூருக்குப் போ. நானும் வாரேன்.”

சங்கீதாவிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “தையில கேட்டேன், கம்பின்னு சொன்னீங்க. நானும் நம்புனேன். இனிமே உங்க ஒடம்பப் பத்தி டாக்டருகிட்ட நாந்தான் பேசுவேன். நீங்க டிக்கெட்டு மட்டும் குடுங்க.”

கோயம்புத்தூர் மருத்துவமனையில் நசீபா சொன்ன டாக்டரின் பெயர் இளங்கோ. அறுவை சிகிச்சை நிபுணர். அளந்துதான் பேசுவார், ஆனால் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்வார். முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து, அரை மணி நேரம் அசையக்கூடாது என்றார்கள். வாழ்நாளில் அரை நிமிடம் அசையாமல் இருந்ததில்லை பூபதி. தடதடவென்று சத்தம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் காரவள்ளியில் ஏறினான். நாற்பத்தெட்டாவது வளைவில் வெளியே இழுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஊசி. டாக்டர் இளங்கோ ஸ்கேன் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூபதியின் தொடையில் பேனாவால் நீளமாக ஒரு கோடு போட்டார்.

“நாளைக்கு ஆபரேஷன் செய்யணும்னா கத்தி இந்தக் கோட்டுலதான் போகும். அதனால ஊசியும் இதே கோட்டுலதான் போகணும். ஊசி போன வழியையும் சேர்த்து எடுத்துடுவோம்.”

“ஊசி போன வழியைக்கூடவா விடமாட்டீங்க?” என்றான் பூபதி.

“விடமாட்டோம்.”

மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, கொஞ்சம் தடிமனான ஊசியால் நாலைந்து தடவை சதை எடுத்தார்கள். நூல் துண்டு மாதிரி இருந்தது. இதற்குள்ளா விஷயம் இருக்கிறது என்று பூபதிக்கு நம்பிக்கை வரவில்லை. நெஞ்சையும் முதுகையும்கூட ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

முடிவு வரப் பன்னிரண்டு நாள். அதுவரை வேலைக்கு வந்தான். ஆனால் ஐம்பத்தோராவது வளைவை நாற்பத்தொன்று என்றான். பயணிகள் திருத்தினார்கள். “சரிங்க, நீங்களே சொல்லிக்குங்க” என்று சொல்லிவிட்டு, கம்பியில் சாயாமல் தள்ளி நின்றான்.

பன்னிரண்டாவது நாள் டாக்டர் இளங்கோவின் அறையில் மூன்று நாற்காலி. பூபதி, சங்கீதா, செல்வம்.

“இது சார்கோமான்னு ஒரு வகை” என்றார் டாக்டர். “சதை, கொழுப்பு, நரம்பு மாதிரி மெத்தென்ற இடங்கள்ல வர்றது. உங்களுக்கு வந்திருக்கிறது கொழுப்பு அணுக்கள்ல பிறந்தது. கொழுப்புக் கட்டின்னு சொன்னவங்க பாதி சரிதான்.”

“புற்றுநோயுங்களா?” என்று சங்கீதா கேட்டாள்.

“ஆமாம்மா.”

செல்வம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“கம்பி இடிச்சு வந்துதுங்களா?” என்றான் பூபதி. பல மாதமாக அவனுக்குள் கிடந்த கேள்வி.

“இல்லை. இடிக்கிற இடத்துல இருந்ததால கண்ணுல பட்டிருக்கும், அவ்வளவுதான். எதனால வருதுன்னு பெரும்பாலும் சொல்ல முடியாது. நீங்க எதுவும் தப்புப் பண்ணலை. இது பரவினா வழக்கமா நுரையீரலுக்குப் போகும், இந்த வகை முதுகெலும்புக்கும் போகலாம். ரெண்டையும் ஸ்கேன் பார்த்தாச்சு. ரெண்டும் சுத்தமா இருக்கு.”

“காலை எடுத்துருவீங்களா?”

“புதன்கிழமை நாங்க அஞ்சு டாக்டர் உக்காந்து உங்க காலைப் பத்திப் பேசினோம். கட்டி பெரிய ரத்தக்குழாயைத் தொடாம ஒதுங்கி நிக்குது. யாரும் முன்னாடி கத்தி வைக்கலை, அது பெரிய விஷயம். முதல்ல அஞ்சு வாரம் கதிர்வீச்சு. இந்த வகை அதுக்கு நல்லாக் கட்டுப்படும், சுருங்கும். அதுக்கப்புறம் ஆபரேஷன். காலைக் காப்பாத்திடலாம்னுதான் எங்க எல்லார் கருத்தும்.”

வெளியே வந்ததும் பூபதி சங்கீதாவிடம் முதலில் சொன்னது இதுதான்: “பாத்தியா, என் காலுக்கு அஞ்சு டாக்டர் பஞ்சாயத்து வெச்சிருக்காங்க.” சொல்லிவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதான். சங்கீதா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அழுது முடித்ததும், “டீ குடிக்கலாங்களா?” என்று கேட்டாள்.

அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு வழி பிறந்தது. மருத்துவமனைக்கு அருகில் ஒரு அறக்கட்டளை விடுதியில் இருவரும் தங்கினார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை. தொடையில் மையால் அடையாளம் வைத்து, கால் அசையாமல் இருக்க ஒரு அச்சு செய்து, அதில் காலை வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. வலியும் இல்லை, சூடும் இல்லை. காத்திருப்பதுதான் இரண்டு மணி நேரம்.

கூட்டத்தைக் கண்டால் பூபதியின் வாய் சும்மா இருக்காது. முதல் வாரம் ஓரமாக உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம் யாருக்கு எந்த டோக்கன் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் நர்ஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே, “பதினேழு, உடுமலைப்பேட்டை அம்மா, எந்திரிச்சு ரெடியா இருங்க! பதினெட்டு, தண்ணி குடிச்சாச்சுங்களா?” என்று குரல் கொடுக்கத் தொடங்கினான். தலையில் துண்டு கட்டிய பெண்கள், குழாய் செருகிய மூக்கோடு இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்கண்ணா” என்றாள் ஒரு நர்ஸ். “இங்க வளைவே இல்லீங்களே” என்றான் பூபதி.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் கட்டைகளை ஊன்றியபடி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பூபதியின் வயதுதான் இருக்கும். இடது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்திருந்தது. அவரும் தொடையில் வந்த கட்டி என்றார். “முதல்ல ஒரு இடத்துல எடுத்தாங்க. ஆறே மாசத்துல திரும்ப வந்துது. வேற இடத்துல மறுபடி எடுத்தாங்க. மூணாவது தடவை இங்க வந்தேன். அதுக்குள்ள எல்லாப் பக்கமும் போயிருச்சு, காலைத்தான் எடுக்கணும்னாங்க. இப்போ இடுப்புப் பக்கம் கதிர்வீச்சுக் கரண்ட்டு வெக்கிறாங்க” என்றார். கசப்பாகச் சொல்லவில்லை, ஊர் பேர் சொல்வதுபோலச் சொன்னார்.

பூபதி அன்றைக்கு டோக்கன் கூப்பிடவில்லை. விடுதிக்கு வந்ததும் நசீபாவுக்குப் போன் போட்டான். அவள் எடுத்து, “சொல்லுங்கண்ணா” என்றாள்.

“ஒண்ணுமில்லீங் சிஸ்டர். அன்னைக்கு ஹார்ன் அடிக்க வெச்சீங்களே, அதுக்குத்தான்.”

“செல்வண்ணா இன்னும் அந்தக் கதையத்தான் தினமும் சொல்லிட்டு வாராரு” என்றாள் நசீபா. “தொடையில தோல் கறுத்திருக்குமே, எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சிராதீங்க.”

கட்டி சுருங்கியது. ஒன்பது சென்டிமீட்டர் ஆறாயிற்று. ஒரு மாதம் ஓய்வு; அதன்பிறகு ஆபரேஷன். கையெழுத்துப் போடவேண்டிய தாளில் தவிர்க்க முடியாத நிலை வந்தால் கால் எடுக்கவும் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. பூபதி அந்த வரியை மூன்று முறை படித்தான். சங்கீதா தாளை வாங்கித் தானும் படித்தாள். “போடுங்க. ஆள்தான் எனக்கு வேணும்” என்றாள். போட்டான்.

ஐந்து மணி நேரம். வெளியே சங்கீதாவும் செல்வமும். செல்வம் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நடந்து நடந்து ஒரு மூலையில் திரும்பும்போது அவர் கை தன்னால் ஸ்டியரிங் திருப்பியதைச் சங்கீதா பார்த்தாள். அந்த ஐந்து மணி நேரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

மயக்கம் தெளிந்ததும் பூபதி கண்ணைத் திறக்காமலே கையைக் கீழே கொண்டுபோனான். கட்டுத்தான் தட்டுப்பட்டது.

“கால் இருக்குதுங்களா?”

“ரெண்டும் இருக்கு. சந்தேகம்னா எண்ணிப் பாத்துக்கங்க” என்றாள் பக்கத்தில் இருந்த நர்ஸ்.

கட்டியைத் தனியாக எடுக்கவில்லை. அதைச் சுற்றி நல்ல சதையும் ஒரு போர்வை மாதிரி சேர்ந்து வரும்படி, ஊசி போன வழியோடு சேர்த்து எடுத்திருந்தார்கள். தொடையின் முன்தசையில் ஒரு பகுதி போய்விட்டது. பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளில், ஓரம் எல்லாம் சுத்தம் என்று இருந்தது. டாக்டர் இளங்கோ அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கதிர்வீச்சு பட்ட தோல் சீக்கிரம் ஆறாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அப்படியே ஆயிற்று. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் தையலின் ஒரு முனை பிரிந்து நீர் வடிந்தது. நசீபா தினமும் சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றினாள். ஒன்றரை மாதம் ஆயிற்று மூட. ஒவ்வொரு நாளும், “இன்னைக்கு எத்தனாவது வளைவுங் சிஸ்டர்?” என்று கேட்பான். “இன்னும் காரவள்ளியே தாண்டலை, பேசாமப் படுங்க” என்பாள். நடுவில் முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி. முதலில் படியில் ஏறவே முடியவில்லை. சங்கீதா பலாமரத்தடியில் நின்றுகொண்டு நூறு வரை எண்ணுவாள். எண்பதுக்கு மேல் அவன் திட்டத் தொடங்குவான். அவள் நூற்றிருபது வரை எண்ணுவாள்.

அடுத்த மாசி மாதம் வேலைக்கு வந்தான். முதலாளி, கீழே ஆபீஸில் உட்காரச் சொன்னார். பூபதி கேட்கவில்லை. மூன்றாவது வளைவில் வலது கால் மடங்கியது. அன்னாசிப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய அம்மாளின் மடியில் போய் விழுந்தான். அன்னாசி முள் குத்தியது அவனுக்கு. கத்தியது அந்த அம்மாள். வண்டி சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வாரம் யோசித்தான். பிறகு இடது தொடைக்கு வேலையை மாற்றினான். அதற்காக இந்தப் பக்க வரிசையிலிருந்து அந்தப் பக்க வரிசைக்கு மாறி நின்றான். பதினாலு வருடம் பழகியதைப் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. வலது கையில் எப்போதும் ஒரு பிடி. டிக்கெட் கொடுப்பதற்கு முன்னைவிட நேரம் ஆகிறது. இறங்குகிற நடையில் இருபது வளைவு நின்றால் பத்து வளைவு உட்காருகிறான். அவசரப்படுகிறவர்களிடம், “வண்டி என்னைய விட்டுட்டுப் போகாதுங்க, நானுந்தான அதுல இருக்குறேன்” என்கிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போய் நெஞ்சும் தொடையும் ஸ்கேன் பார்த்து வந்தான். போகிற வாரம் முழுக்க சங்கீதா சரியாகச் சாப்பிடமாட்டாள். திரும்பி வந்ததும் இரண்டு மடங்கு சாப்பிடுவாள். ஆபரேஷன் முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. இதுவரை சுத்தம். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று போன தடவை டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து வருடம் தாண்டட்டும், அப்போது பேசலாம் என்றும் சொன்னார். பூபதிக்கு அந்த இரண்டாவது வாக்கியமும் நினைவில் இருக்கிறது.

இப்போது அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வண்டியில் யாராவது கட்டி என்று சொன்னால் விடமாட்டான். எலுமிச்சையை விடப் பெருசா, ஆழத்துல இருக்கா, வளருதா என்று மூன்று கேள்வி. பதில் சரியில்லை என்றால் நேராகச் சுகாதார நிலைய வாசலில் இறக்கிவிடுவான். ஒருமுறை குடலிறக்கம் வந்த ஒருவரை இப்படி இறக்கிவிட்டு நசீபாவிடம் திட்டு வாங்கினான்.

போன மாதம் திண்ணனூர் நாட்டு மாதம்மாள் ஏறினாள். சாமை, ராகி பயிரிடுகிற வீடு, அறுபது வயது இருக்கும். முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி. நாலு வருடமாக இருக்கிறதாம், இப்போது பெருசாகிறதாம். பூபதி மூன்று கேள்வியும் கேட்டான். மாதம்மாள் மூன்றுக்கும் ஆமாம் என்றாள். சுகாதார நிலையத்தில் நசீபா தொட்டுப் பார்த்து, சந்தேகமாக இருக்கிறது என்று நாமக்கல்லுக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள். மாதம்மாள் நாலு நாள் தூங்கவில்லை.

வந்தது வெறும் கொழுப்புக் கட்டி. வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாமென்றால் அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் சோளக்காட்டில் வண்டி நின்றதும் மாதம்மாள் ஏறாமல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க அந்தக் கண்டக்டரு? வெறுங் கொழுப்பாமா, கொழுப்பு! நாலு நாளா சோறு எறங்கலை எனக்கு. சாவுக்கு எந்தச் சீலை கட்டறதுன்னு எடுத்துக்கூட வெச்சுட்டேன் சாமி!”

“ரொம்ப சந்தோசங்க அம்மா!” என்றான் பூபதி. வாய் காதுவரை போயிருந்தது.

“சந்தோசமா? மூஞ்சியப் பாரு!” என்று திட்டிக்கொண்டே மடியிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். பிறகுதான் ஏறினாள். மூன்றாவது வரிசையில் நசீபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகும் திட்டுவதை நிறுத்தவில்லை. பூபதி இடது தொடையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, ஒரு பழத்தை உரித்துப் பாதியைச் செல்வத்துக்கு நீட்டினான்.